இன்சுலினை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

நங்கநல்லூரில் என் மருந்துக் கடைக்கு வரும் பெரியவர்கள் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். அங்கே கிளம்பும் முன் மாதக்கணக்கில் இன்சுலின் வாங்குகிறார்கள். வாங்கும்போதே, "ஃப்ரீசர்ல வெச்சுட்டா கெடவே கெடாது சார்" என்கிறார்கள். புயல் எச்சரிக்கை வந்தாலும் இதே பேச்சு. கரண்ட் போவதற்குள் ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். எத்தனை முறைதான் சொல்வது?

ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். உருகினால் சரியாகிவிடும் என்பது பொய். இன்சுலின் ஒரு புரதம். 30/70 போன்ற கலங்கல் வகையில் அது நுண்படிகங்களாக மிதக்கிறது. உறையும்போது அவை ஒட்டித் திரண்டுவிடும். பிறகு உள்ளங்கையில் எவ்வளவு உருட்டினாலும் பால்போல் சீராகக் கலங்காது; கண்ணாடியில் திப்பிதிப்பியாக ஒட்டியிருக்கும். தெளிந்த வகை இன்னும் ஆபத்து, கெட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை ஏறுகிறதே என்று டோஸைக் கூட்டுகிறார்கள். புதுப் பென் மாற்றிய அன்று அதே டோஸில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுகிறார்கள்.

"போலியோ சொட்டு மருந்தை ஐஸ்லதானே வைக்கிறாங்க?" என்று கேட்பவர்களுக்கு: அதைக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரியில் வைப்பது உண்மைதான். ஆனால் ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் தடுப்பூசிகள் உறைந்தால் வீண். அதனால்தான் செவிலியர்கள் ஐஸ் பேக்கை மேசையில் வைத்து, அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து கேரியரில் அடுக்குகிறார்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டிய தட்டும் பின்சுவரும் கூடாது. கதவுத் தட்டு போதும். பயன்பாட்டில் உள்ள பென் 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் கணக்கு அட்டைப்பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டிசம்பர் சென்னையில் அதற்காகப் பதற வேண்டியதில்லை. வெயில் படாத அறையே போதும்.

செக்-இன் பெட்டியில் போடுவதும் தவறு. விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துபோகலாம். கைப்பையில், டாக்டர் சீட்டோடு வையுங்கள். ஜனவரியில் நியூஜெர்சியில் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

உறைவதெல்லாம் கெடுவதில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் மெழுகு கலப்படமா? இல்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் குணம். இளகினால் பழைய எண்ணெய்தான். இன்சுலின் அப்படியல்ல.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கூல்டிரிங்ஸ் பாட்டில்களுக்கு நடுவே, தெர்மாமீட்டர் இல்லாத ஃப்ரிட்ஜில் இன்சுலினை வைத்து விற்பதை நிறுத்துங்கள். வாங்குகிறவர்களே, ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஐஸ் பேக்கோடு ஒட்டிப் பொட்டலம் கட்டித் தந்தால், அங்கேயே பிரித்து நடுவில் காகிதம் சுற்றச் சொல்லுங்கள்.