எரிந்து விழுபவருக்கு மனச்சோர்வு இருக்காதா?

நம்பிக்கை: மனச்சோர்வு வந்தவர் மூலையில் முடங்கி அழுவார், கத்துகிறவருக்கு அது இல்லை.

புதுச்சேரியில் வீட்டு ஆம்பிளை கத்தினால் ‘சரக்கு உள்ளே போயிருக்கு’ என்று கதையை முடித்துவிடுவோம். மதுக்கடைக்குப் பஞ்சமில்லாத ஊர், அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு சொட்டும் தொடாதவர், குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டை விசிறுகிறார். நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. கால்மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசி வெளியே போய்விடுகிறார். மாதக்கணக்கில் அவருக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தத் திடீர்க் கோபத்தை 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மாரிசியோ ஃபாவா குழுவினர் ‘கோபத் தாக்குதல்’ என்று விவரித்தார்கள். சிகிச்சைக்கு வரும் மனச்சோர்வு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. மனச்சோர்வு மருந்து எடுத்த பலருக்கு இது நின்றும் போனது. மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்.-5, எரிச்சலைப் பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் மனச்சோர்வின் முதன்மை அறிகுறியாக ஏற்கிறது; பெரியவர்களுக்கான பட்டியலில் அது இல்லை. பதினெட்டு வயதானதும் எரிச்சல் எங்கே போய்விடுமோ!

நம்பிக்கை: தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

தெரியாது. 2004-இல் டார்ட்டி என்ற ஆய்வாளரின் குழு, பழைய கோபமூட்டும் சம்பவங்களை நினைவூட்டி, மூளையின் ரத்த ஓட்டத்தை பெட் ஸ்கேனில் பார்த்தது. நலமானவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால், கீழ்ப்புறம் உள்ள பகுதியில் ஓட்டம் கூடக்கூட, அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலாவில் குறைந்தது. கோபத் தாக்குதல் உள்ள மனச்சோர்வாளர்களுக்கு அந்த முன்பகுதி அவ்வளவாக விழிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. கடிவாளம் பிடிக்க வேண்டிய கை குதிரையோடு ஓடுகிறது எனலாம். ஆனால் இது சிறு குழுக்களின் சராசரி. உங்கள் அண்ணனுக்கு மனச்சோர்வு உண்டா என்று எந்தப் படமும் சொல்லாது; உட்கார வைத்துப் பேசிக் கேட்டுத்தான் மருத்துவர் கண்டுபிடிப்பார். கட்டி, வலிப்பு என்று வேறு சந்தேகம் இருந்தால் மட்டுமே ஸ்கேன்.

நம்பிக்கை: மனச்சோர்வாளர்கள் ஆபத்தானவர்கள்.

ஸ்வீடனில் 47,158 மனச்சோர்வு நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஆண்கள் 3.7 சதவீதம், பொதுமக்களில் 1.2. பெண்களில் 0.5, பொதுவில் 0.2. கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நூற்றில் தொண்ணூற்றாறு ஆண்களுக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. மனச்சோர்வாளர்கள் தமக்கே தீங்கு செய்துகொள்ளும் அபாயம்தான் பெரிது. 2015-இன் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தற்கொலை விகிதம் நாட்டிலேயே புதுச்சேரியில்தான் அதிகம்: லட்சத்துக்கு 43.2, தேசிய சராசரி 10.6. பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படலாம்.

அதற்காக, நோய் இருக்கிறதென்று மனைவியை அடிப்பதற்கு உரிமம் கிடையாது. அடி விழும் வீட்டில் முதல் வேலை அவளுடைய பாதுகாப்பு; பெண்கள் உதவி எண் 181.

உதவிக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416-க்கு அழைத்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் கூடப் போகிறவர் கௌரவம் பார்த்துக் கோபத்தை மறைத்து, ‘தூக்கம் வரலை’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.