மறதிநோய்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

உணவு உண்டு அரை மணி நேரம்கூட ஆகியிராது. வீட்டிற்கு வந்த உறவினரிடம், "காலையிலிருந்து எனக்கு யாரும் ஒரு வாய் சோறு போடவில்லை" என்று முதியவர் முறையிடுவார். பரிமாறிய மருமகள் அருகிலேயே நிற்பார். வந்தவரும் பாதி நம்பிவிடுவார். எங்களிடம் வரும் குடும்பத்தாரில் பலர், மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே கேட்பது இதைத்தான்: "தெரிந்தே இப்படிச் சொல்கிறாரா, டாக்டர்?"

தெரிந்து சொல்வதில்லை. புதிதாக நடப்பவற்றை நினைவில் பதித்துவைக்க ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக அமைந்துள்ளது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது அதனையும் அதனைச் சூழ்ந்துள்ள பகுதியையுமே. எனவே, சற்று முன் உண்ட சோறு அவருடைய மூளையில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எவ்வளவு எடுத்துக் கூறினாலும் நினைவூட்ட இயலாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதிந்தவையோ நெடுங்காலம் அழியாமல் இருக்கும். தம் திருமணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார் என்று பிசகாமல் கூறும் மூதாட்டி, காலையில் மகன் வந்து போனதை மறுப்பது இதனால்தான். "பழையதெல்லாம் நினைவிருக்கிறதே, இது மட்டும் எப்படி மறக்கும்?" என்னும் ஐயத்திற்கு விடை இந்நோயின் போக்கிலேயே உள்ளது.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லா வயதினருக்கும் உரியது. அறிமுகமானவரின் பெயர் உடனே வராமல், சிறிது நேரம் கழித்து நினைவுக்கு வருவதும் முதுமையில் இயல்பே. நாற்பது ஆண்டுகள் சாம்பார் வைத்தவர், எதற்குப் பின் எதைச் சேர்ப்பது என்று அடுப்பின் முன் திகைத்து நிற்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. நாள்தோறும் சென்று வந்த ரேஷன் கடையிலிருந்து வீடு திரும்பத் தடுமாறுதல், பணத்தை எண்ணிக் கொடுக்க இயலாமை, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து முறை கேட்டல், பேச்சில் எளிய சொற்கள் கிடைக்காமை, இதுவரை இல்லாத சந்தேக குணம், எதிலும் நாட்டமின்றி ஒதுங்குதல் ஆகியவை சில மாதங்களாகத் தொடர்ந்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடலாகாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சிய பெரும்பான்மையினருக்கு அது இல்லை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

நோயை உறுதி செய்தல்

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயரன்று. பல நோய்களால் விளையும் ஒரு நிலை. அவற்றுள் அல்சைமர் நோயே மிகுதி. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் இதனை முதலில் விவரித்தார். அடுத்தது, சிறிதும் பெரிதுமான பக்கவாதங்களால் வரும் ரத்தநாள டிமென்ஷியா; நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் மலிந்த நம் குடும்பங்களில் இதனை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இல்லாத மனிதர்களும் குழந்தைகளும் கண்முன் தோன்றுவது, கைகால் இறுகி நடை தளர்வது ஆகியவற்றோடு வருவது லெவி பாடி வகை. அறுபது வயதுக்கு முன்பே, நினைவு ஓரளவு நன்றாக இருக்கையில், நாகரிகமும் நாணமும் முதலில் மறைவது வேறொரு வகை. அத்தகையோரை "புத்தி கெட்டுவிட்டது" என்று ஏசியே பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நிலை ஒன்றுண்டு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பிதற்றினால், அல்லது ஏற்கெனவே மறதி உள்ளவர் திடீரென மோசமானால், அதற்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல் போன்றவை காரணமாக இருக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சையால் சீராகக் கூடியவை.

மறதி என்று வருபவர் அனைவருக்கும் வைட்டமின் பி12, தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் செய்யச் சொல்கிறோம். செலவு எதற்கு என்று சிலர் தயங்குகின்றனர். பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்து சில வாரங்களுக்குப் பின் மூளையின் மேற்பரப்பில் தேங்கும் ரத்தம், மூளைக்குள் நீர் கோத்தல் ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும். எண்ணிக்கையில் இவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரைத் தவறவிட்டால் மீட்கக் கூடிய ஒருவரை இழந்தவர்களாவோம். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வதும் இதற்காகவே. தூக்க மாத்திரை, சளி மற்றும் ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கும் சில மருந்துகள் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும்.

பள்ளிக்கே செல்லாதவரைக் கடிகாரம் வரையச் சொல்வதில் பொருளில்லை. அத்தகையோரிடம் சந்தை விலை, பண்டிகை வரும் மாதம், பேரப்பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்கிறோம். அதனினும் முக்கியமானது, உடன் வாழ்பவர் கூறும் செய்தி.

டோனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் முதலிய மருந்துகள் சிலருக்குச் சில காலம் தெளிவைத் தக்கவைக்கும், நோயை அகற்றா. வல்லாரை உதவுமா என்று பலர் கேட்கின்றனர். கீரையாகச் சமைத்து உண்ணத் தடையில்லை. இந்நோயை நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. இரவில் கத்துகிறார் என்பதற்காகக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டா. மனக்கொந்தளிப்பை அடக்கும் சில மருந்துகள், குறிப்பாக லெவி பாடி வகையினரை, உயிருக்கே ஆபத்தான நிலைக்குக் கொண்டுசெல்லக் கூடும்.

வீட்டில்

"நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று வருவோர் போவோரெல்லாம் தேர்வு வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்வோம். விடை தெரியாத மாணவனின் கூச்சம் அவருக்கும் உண்டு. "அம்மா, நான் உங்கள் பெரிய மகன் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அருகில் அமர்வது எளிது.

மாலை மங்கும் வேளையில், பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டிற்குப் போக வேண்டும்" என்று பலர் புறப்படுவர். இதுதான் வீடு என்று வாதிட்டால் அச்சமும் கோபமும் மிகும். "அங்கே யார் யார் இருப்பார்கள்?" என்று கேட்டுப் பேசவிட்டு, காப்பி கொடுத்து, தெருவில் சிறிது தூரம் நடத்திக் கூட்டிவந்தால் பெரும்பாலும் அமைதியுறுவர். இருள் சூழுமுன்பே விளக்குகளை ஏற்றுவதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும் பயன் தரும். சட்டைப் பையிலோ கழுத்துக் கயிற்றிலோ பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். பக்கத்து வீட்டாரிடமும் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் செய்தியைச் சொல்லிவையுங்கள். இதில் மறைக்க வேண்டிய இழிவு ஏதுமில்லை. மறைத்த குடும்பங்களே, காணாமற்போன தந்தையை நள்ளிரவில் தனியாகத் தேடியிருக்கின்றன.

நகையைக் காணவில்லை என்னும் பழி பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் பெண்மணி மீதே விழும். அவரே பத்திரமாக ஓரிடத்தில் ஒளித்து, ஒளித்ததை மறந்திருப்பார். பணிப்பெண்ணிடம் நோயின் தன்மையை முன்கூட்டியே விளக்கிவிடுவது முறை. "வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று எழுவது, "யார் எடுத்தார்கள்?" என்று விசாரிப்பதைவிட விரைவில் முடியும்.

குளிக்க மறுப்பது மற்றொரு போராட்டம். தலையில் திடீரென நீர் விழுவது அவரை அச்சுறுத்தலாம். நாற்காலியில் அமர்த்தி, வெந்நீரைக் காலிலிருந்து தொடங்கி ஊற்றி, உடலை ஒரு துண்டால் போர்த்தியபடியே குளிப்பாட்டலாம். அன்று முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாளை பார்க்கலாம். ஒரு நாள் குளியாமையால் கேடில்லை. எரிவாயு உருளையை ரெகுலேட்டரிலேயே மூடும் வழக்கத்தை மட்டும் எந்நாளும் தளர்த்தக் கூடாது.

பராமரிப்பவர்

மனைவியோ மகளோ மருமகளோ, வழக்கமாக ஒருவர் மீதே முழுச் சுமையும் இறங்குகிறது. வாரக் கடைசியில் வரும் மகன் முன்பு தாயார் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசிவிடுவார். "நன்றாகத்தானே இருக்கிறார், நீதான் மிகைப்படுத்துகிறாய்" என்று அவரும் சொல்லிவிட்டுப் போவார். அறிமுகமானோர் முன் சிறிது நேரம் சமாளிக்கும் திறன் இந்நோயில் நெடுநாள் நீடிக்கும் என்பதை வெளியூர் மக்கள் அறிய வேண்டும். அவர்களிடம் நாங்கள் கேட்பது அறிவுரையை அன்று. ஆண்டில் இரு வாரம் தாமே வந்து முழுப் பொறுப்பேற்பதை. அந்த இரு வாரம் உடன்பிறந்தாளின் ரத்த அழுத்த மாத்திரையைவிட அவருக்குப் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

சொத்து, வங்கி, உயில் ஆகியவற்றை நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே, அவருடைய விருப்பத்தைக் கேட்டு, வழக்கறிஞரின் துணையோடு ஒழுங்குபடுத்துங்கள். அவர் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம், அவர் சுயமாக முடிவெடுக்கும் மனநிலையை இழந்தபின் நம் சட்டப்படி செல்லாது. இதனை அறியாமல், மருத்துவச் செலவுக்கே பணம் எடுக்க முடியாமல் தவிப்போர் உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567இல் வழிகாட்டுதல் பெறலாம்.

மருத்துவரைக் காண வருகையில், பகலும் இரவும் உடனிருப்பவர் கட்டாயம் வர வேண்டும். தூக்கம், உணவு, விழுதல், புதிய நடத்தை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உள்ளே நுழையுமுன் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். நோயாளியின் எதிரிலேயே அவருடைய குறைகளை அடுக்க நேராது. பராமரிப்பவர் தம் உடல்நிலையைப் பற்றியோ உறக்கமின்மையைப் பற்றியோ தனியே பேச விரும்பினால், முன்பதிவின்போதே அதனைச் சொல்லிவிடலாம். அதற்கெனச் சிறிது நேரம் ஒதுக்குவோம்.