காருக்கு ஒரு டப்பாவா, மூணு டப்பாவா?

அறிவியலில் உராய்வு படித்தோம் இல்லையா? அதை எங்க அப்பாவின் டாக்ஸி மேலே வைத்துப் பார்ப்போம் வாங்க.

கார் பெயின்ட் ஒரே பூச்சு இல்லை. தகரத்தின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிறகு பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இது சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனத்தில் பாதி! பளபளப்பு மொத்தமும் இதில்தான் இருக்கு.

பாலிஷ் வேற, வாக்ஸ் வேற. பாலிஷில் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய தூள் இருக்கும். கீறலை அது நிரப்பாது. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டத்துக்குத் தேய்த்து இறக்கும். வாக்ஸ் தேய்க்காது, மேலே படியும். கார்னோபா என்ற மெழுகு பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. (நம்ம ஊர்ப் பனை இல்லை!)

காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று தனித்தனியாகப் போட்டால் கீறல் நிஜமாகவே போகும். ஆனால் ஒரு நாள் முழுக்க ஆகும். 'ஆல் இன் ஒன்' டப்பாவில் மென்மையான தூளும் மெழுகும் சேர்ந்தே இருக்கும். கொஞ்சம் தேய்க்கும், மீதியை மறைக்கும். மெழுகு கரைந்ததும் மறைத்தது திரும்பத் தெரியும்.

வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் மாமா, "மூணும் போடுங்க மச்சான்" என்றார். அப்பாவோ, "ஒரு நாள் வண்டி நின்னா ட்யூ யாரு கட்டுறது?" என்றார். என் ஓட்டு அப்பாவுக்குத்தான். தினமும் ரோட்டில் ஓடும் வெள்ளை வண்டியில் மெல்லிய கீறல் கண்ணுக்கே தெரியாது. கறுப்புக் கார் என்றால் மாமா கட்சி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஆல் இன் ஒன்னை வெறும் மெழுகு என்று நினைத்து வாராவாரம் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் தேயும். அது போய்விட்டால் எந்த டப்பாவும் திருப்பித் தராது, மறுபடி பெயின்ட்தான் அடிக்கணும். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலையும் தேய்த்து எடுக்கப் பார்க்கக் கூடாது.

பாதிக் கீறல் வருவதே காலையில் காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதால்தான். அப்பா இப்போ இரண்டு வாளி வைத்துக் கழுவுகிறார். ஒன்றில் சோப்பு நுரை, இன்னொன்றில் துணியின் மண் போக அலச வெறும் தண்ணி.

– 9ஆம் வகுப்பு மாணவி