அப்பாவின் புல்லட்டை விற்ற பிறகு தெரிந்தவை

பழைய வண்டியை விற்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிறுத்த இடமில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதை யாரும் மறுக்க முடியாது. பஜார் ரோட்டில் கிடங்குக் கதவைத் திறந்து கால் வைத்தால் நேராகச் சாலைதான். உள் சந்துகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். முற்றம் வைத்த வாடகை வீட்டிலிருந்து தோப்பும்படியில் ஒரு மாடி வீட்டுக்கு நாங்கள் மாறியபோது, அப்பாவின் 350 சிசி புல்லட் தெருவுக்கு வந்தது. ஜூன் மழை பிடித்தது. கடற்காற்றும் மழையும் சேர்ந்து ஒரே பருவத்தில் ரிம்மில் இருந்த குரோமை அரித்துவிட்டன. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், நல்ல விலை சொன்னார், கொடுத்துவிட்டோம். அன்றைய நிலைமையில் வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் வேறு எதை விற்றபோதும் என் மனசு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

இதே ஏக்கத்தோடு என்னிடம் பேசியவர்கள் பலர். ஒருவருக்கு யமஹா ஆர்எக்ஸ் 100, இன்னொருவருக்கு மைசூரில் செய்த யெஸ்டி. எல்லோரும் கடைசியில் கேட்பது, "திரும்பக் கிடைக்குமா?" என்றுதான். அதற்குப் பதில் பெரும்பாலும், விற்கும் நாளில் நாம் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பணத்தைக் கொடுத்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரானது. இங்கிலாந்தில் தயாரிப்பு 1970-ஓடு நின்றுபோன பிறகும் நம் ஊரில் தொடர்ந்தது. 2010 வாக்கில் புது எஞ்சின் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி இரண்டும் 1996-இலேயே நின்றுவிட்டன. இன்று ஷோரூமில் புல்லட் என்ற பெயரில் இருப்பது நல்ல வண்டிதான்; நானும் ஓட்டிப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது, கியர் இடது காலில், பிரேக் வலது காலில். அப்பாவின் வண்டியில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அதில் ஏறினால் முதல் வளைவிலேயே தடுமாறுவார்.

அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு பாடம். சாவியைத் திருப்பியதும் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல மிதிக்க மிதிக்க முள் மைனஸ் பக்கம் சாயும், நடுவுக்கு வரும், மறுபடி சாயும். கால் இறுகும் இடத்தில் இடது கை டீகம்ப்ரஷன் லிவரை இழுத்துப் பிடித்து, முள் நடுவில் வந்து நிற்கும் புள்ளி வரை கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். இக்னிஷன் பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டிவிட்டது என்று அதற்கு அர்த்தம். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழு பாரத்தையும் போட்டு ஒரே மிதி. அந்தப் புள்ளி தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். அப்பா முள்ளைப் பார்க்கவே மாட்டார், காலிலேயே தெரிந்துவிடும். மிளகு வியாபாரத்தில் கணக்கு எழுதியவர். 1957-இல் தொடங்கிய மிளகு வாசனைப் பொருள் வர்த்தகச் சங்கத்தில் ஏலக் கூச்சல் உச்சத்தில் இருந்த காலத்தில், சங்கம் இருந்த ஜூ டவுனுக்கு அந்த வண்டியில்தான் போய்வந்தார். அவர் இறந்த பின் அந்தப் புள்ளியை என் கால் கண்டுபிடித்த காலை இப்போதும் நினைவிருக்கிறது. விற்றது இரும்பு என்றால் மறந்திருப்பேன். அந்தப் பழக்கமும் சேர்ந்து போய்விட்டது.

ஆகவே முதல் யோசனை: மழைக்காலத்தில் வண்டியை விற்காதீர்கள். வண்டி மிக மோசமாகத் தெரிவதும், அலுப்பு மிகுவதும், விலை இறங்குவதும் அப்போதுதான். ஓணம் கழியட்டும், வெயில் வரட்டும், அப்புறம் முடிவெடுங்கள். அதுவரை தெரிந்தவர் கிடங்கில், உறவினர் வீட்டுக் கார் ஷெட்டில், ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மூலை கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். விற்ற பிறகுதான் என்னிடம் மூன்று பேர், "சொல்லியிருந்தா நம்ம வீட்லயே போட்டிருக்கலாமே" என்றார்கள்.

நிறுத்தி வைப்பதிலும் முறை உண்டு. இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அடியில் தங்கி டாங்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பர் வாஷர்களையும் டியூபையும் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓடாத வண்டி என்றால் டாங்கைக் காலி செய்து உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றி வையுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, சாவி போடாமல் நாலு கிக் அடித்தால் சிலிண்டர் சுவர் முழுக்கப் பூசிக்கொள்ளும். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். கொச்சியின் புழுக்கத்தில் அதற்குள் வியர்த்து, வெளியே நின்றதைவிட வேகமாகத் துரு ஏறும். பழைய பருத்திப் போர்வை போதும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறும விட்டு அணைப்பவர்கள் வண்டிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். எஞ்சின் முழுச்சூடு ஆகாவிட்டால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விற்றே ஆக வேண்டும் என்றால், காகிதத்தில் கறாராக இருங்கள். வண்டியின் உரிமையாளர் இறந்துபோயிருந்தால், வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு விற்பனைக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. "அப்புறம் மாத்திக்கிறேன் சேட்டா" என்று சொல்லிச் சாவியோடு போகிறவரை நம்பிவிடாதீர்கள். கேரளத்தில் 2023 ஜூனில் இருந்து ஏஐ கேமராக்கள் ஹெல்மெட் போடாதவரைப் படம் பிடிக்கின்றன. அபராத நோட்டீஸ் போவது ஆர்சியில் பெயர் உள்ளவர் வீட்டுக்கு. அபராதம் போகட்டும். விபத்து நடந்தால்? 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. ஆர்சி மாறிய பிறகு மீதிப் பணத்தை வாங்கிக்கொள்வதைவிட, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு மாற்றத்தை நீங்களே அரசின் பரிவாகன் தளத்தில் தொடங்கி முடிப்பது நல்லது. இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடுதான் இருக்கும். கம்பெனியிடம் கேட்டுச் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

மனசு சம்பந்தப்பட்ட ஏற்பாடு தனி. வண்டி வேறு மாநிலம் போகிறதென்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று எடுக்க வேண்டும். அங்கே பதிவான பின் எண்ணே மாறிவிடும். பழைய கேரள எண்ணை வைத்துத் தேடினால் பிறகு ஒன்றும் வராது. மாறாமல் இருப்பவை எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான். ஆர்சியை நகல் எடுங்கள். அதோடு தலைக்குழாயில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படியும் எடுத்துவையுங்கள். விற்பனை ரசீதில் ஒரு வரி சேருங்கள்: மறுபடி விற்பதென்றால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் அது எவ்வளவு நிற்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நல்ல மனிதர்கள் கையெழுத்துப் போட்டதை மறப்பதில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகத் தருகிற தரகரைவிட, போன் எடுத்தால் பேசுகிற, வண்டியைப் பிரித்து விற்காத ஆளுக்குக் கொடுப்பதே மேல்.

திரும்பக் கிடைத்த கதைகளும் உண்டு. பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரியின் 1971 மாடல் புல்லட், கைமாறித் திருட்டும் போய்விட்டது. பழைய பதிவு எண்ணைக் குடும்பம் மறக்காமல் வைத்திருந்ததால், மகன் போக்குவரத்துத் துறையின் இணையப் பதிவில் தேடி, மைசூர் மாவட்டத்தில் ஒருவரிடம் அது இருப்பதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வண்டிக்கு எண் மாறவில்லை. அதனால்தான் கிடைத்தது.

ஏக்கம் தாங்காமல் உடனே அதே மாடலில் இன்னொன்றை வாங்க ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு இப்போது கிராக்கி அதிகம். புது பெயின்ட் அடித்து, வேறு வண்டியின் சேசிஸில் எஞ்சினை ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்சியில் உள்ள இரண்டு எண்களையும் வண்டியில் உள்ளவற்றோடு உங்கள் கண்ணால் ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாயிண்ட் செட் செய்யத் தெரிந்த பழைய மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்றும் முதலில் பாருங்கள். மட்டாஞ்சேரியில் எங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், இக்கா என்போம். சத்தத்தை வைத்தே டைமிங் எத்தனை தள்ளியிருக்கிறது என்று சொல்வார். அப்படி ஒருவர் இல்லாத ஊரில் அந்த வண்டி சிரமம்தான்.

பொள்ளாச்சியில், அல்லது அங்கிருந்து கைமாறி வேறெங்கோ, கேரளத்திலிருந்து வந்த பழைய கறுப்பு 350 ஸ்டாண்டர்டு உங்களிடம் இருக்கலாம். பெட்ரோல் டாங்க் மூடிக்குப் பக்கத்தில் சின்ன நெளிவும், ஹெட்லைட் மூடியில் கையால் இழுத்த ஒற்றை வெள்ளைக் கோடும் இருக்கும். எஞ்சினை மாற்றாதீர்கள், பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடாதீர்கள், நன்றாக ஓட்டுங்கள். விற்கும் எண்ணம் வந்தால் பழைய ஆர்சி நகலில் இருக்கும் தோப்பும்படி முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். விலை பேச மாட்டேன்.