இன்னொரு குரலைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஜாம் ரூமைத் திறந்து, ஆம்ப்களைத் தூசி தட்டி, மூன்று பேரும் மறுபடி கூடிவிட்டீர்கள் என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. ஆல்பம் போடுவதென்றும் முடிவெடுத்துவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில் நீ கேட்டிருப்பதுதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. நீங்கள் அண்ணன் என்றே கூப்பிட்ட, மறைந்த உங்கள் பாடகரைப் போலவே பாடும் ஒரு பையன் கிடைத்திருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரே பாடுவதுபோல் இருக்கிறது, அவனை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்கிறாய்.

கூடாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு, பள்ளிக்கூட நாளிலிருந்து நீ கேட்டு வளர்ந்த ஒரு குழுவையே எடுத்துக்கொள்கிறேன்.

சியாட்டில் நகரத்தின் ஆலிஸ் இன் செயின்ஸ். அவர்களுடைய பாட்டுகளை என்னைவிட நீ நன்றாக வாசிப்பாய். அவர்கள் திரும்பி வந்த விதத்தை நீ கவனித்திருக்கிறாயா என்று தெரியவில்லை. பாடகர் லேன் ஸ்டேலியோடு அவர்கள் போட்ட கடைசி முழு ஆல்பம் 1995 நவம்பரில் வந்தது. அடுத்த வருடம் ஜூலை 3 அன்று, கான்சஸ் சிட்டியில் கிஸ் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார்கள். ஸ்டேலியோடு அவர்கள் ஏறிய கடைசி மேடை அது. போதைப் பழக்கம் அவரை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே முடக்கிப்போட்டது. 2002 ஏப்ரலில், 34 வயதில் இறந்துபோனார். மற்றவர்கள் அவரவர் வழியில் போனார்கள். கிடார் வாசிக்கும் ஜெரி கான்ட்ரெல் அதே வருடம் ஜூனில் வெளியான தன் தனி ஆல்பத்தை ஸ்டேலிக்குச் சமர்ப்பித்தார். குழு முடிந்துபோனது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மறுபடி அவர்கள் ஒன்றாக மேடை ஏறிய காரணம் நமக்கு மிக நெருக்கமானது. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அடித்துப்போட்ட அந்த அலை, ஆசியக் கரைகளில் எத்தனையோ ஊர்களைக் கொண்டுபோனது. டிரம்மர் ஷான் கின்னி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நிவாரண நிதி திரட்ட சியாட்டிலில் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னின்று ஏற்பாடு செய்தார். 2005 பிப்ரவரி 18 அன்று கான்ட்ரெல், கின்னி, பேஸ் கிடார் மைக் ஐனெஸ் மூவரும் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். பாட வந்தது ஒருவர் அல்ல. பேட் லாக்மன், ஹார்ட் குழுவின் ஆன் வில்சன், டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் என்று நண்பர்கள் மாறி மாறி வந்து பாடினார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். அன்றைக்கு யாரையும் ஸ்டேலியின் இடத்தில் உட்கார வைக்கவில்லை. ஆல்பம் என்ற பேச்சும் இல்லை. எங்கோ வீடிழந்து நிற்கும் மனிதர்களுக்காக ஒரு ராத்திரி வாசிப்போம் என்றுதான் கூடினார்கள். தங்கள் துக்கத்தை ஆற்றிக்கொள்வதற்கென்று கூடியிருந்தால் அது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அடுத்தவர் துக்கத்துக்காகக் கருவியைக் கையில் எடுத்தபோது அவர்களுடைய கையும் திரும்பி வந்தது. இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் முதலில் ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளி வை. ஊரில் ஏதாவது நல்ல காரியத்துக்காக ஒரு சின்ன கச்சேரி பண்ணுங்கள். கல்லூரி ஆடிட்டோரியம் போதும், மொட்டை மாடி என்றாலும் போதும். உங்கள் பாட்டுகளைத் தெரிந்த நண்பர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அண்ணன் இல்லாமல் அந்தப் பாட்டுகள் எப்படி நிற்கின்றன, எங்கே தள்ளாடுகின்றன என்பது உங்கள் காதுக்கு அன்றே தெரிந்துவிடும். ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி அந்தப் பையன் விஷயம்.

ஆலிஸ் இன் செயின்ஸ் கடைசியில் சேர்த்துக்கொண்ட வில்லியம் டுவால் திடீரென்று வந்தவர் அல்ல. அவருடைய கம்ஸ் வித் த ஃபால் என்ற குழு, கான்ட்ரெல்லின் தனிக் கச்சேரிகளில் முன்னால் வாசித்த குழு. பிறகு அதே மேடையில் கான்ட்ரெல்லுக்குப் பக்கவாத்தியமாகவும் நின்ற குழு. கான்ட்ரெல்லோடு சேர்ந்து பாடுவதென்றால் என்ன என்பது 2001, 2002 வாக்கிலேயே டுவாலுக்குத் தெரியும். அட்லாண்டாவின் பங்க் மேடைகளில் வளர்ந்தவர், தானே பாட்டெழுதுபவர், கிடாரும் வாசிப்பவர். டியான் ஃபாரிஸ் பாடி அமெரிக்காவெங்கும் ஒலித்த ஒரு பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 2006இல் அவர் ஆலிஸ் இன் செயின்ஸின் மேடையில் ஏறியபோது ஸ்டேலியைப் போல உடுத்தவில்லை, ஸ்டேலியைப் போல நிற்கவில்லை. குரலின் உரசலைக்கூடக் காப்பி அடிக்கவில்லை. அப்படியும் பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரை ஏற்க மறுத்தது. ஆனால் தன் சொந்த முகத்தோடு வந்தவருக்கு அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் பலம் இருந்தது. இன்னொருவராக வந்திருந்தால் முதல் கூச்சலிலேயே ஆள் நொறுங்கியிருப்பார்.

உங்களுக்குக் கிடைத்த பையனுக்கு இருபது வயது என்கிறாய். ஒரு இறந்தவரின் குரலாக மட்டும் அவனை மேடையில் நிறுத்தினால், பாட்டு நன்றாக அமைந்த அன்று கைத்தட்டல் அண்ணனுக்குப் போகும், சறுக்கிய அன்று ஏச்சு மட்டும் அவனுக்கு வரும். வளர வேண்டிய ஒரு பிள்ளைக்கு நாம் இதைச் செய்யக் கூடாது தம்பி. அவனுக்குச் சொந்தமாகப் பாட்டு இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் முடிவு செய்.

அதோடு இன்னொன்று. குரல் போய்விட்டது, குரல் போய்விட்டது என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறாய். உங்கள் முதல் ஆல்பத்தை நேற்றிரவு ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டில், சரணம் முடிந்து கிடார் அடங்கும் இடத்தில், அண்ணனின் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அவர் நீட்டும்போது அதுவும் நீள்கிறது. அவர் மேலே போகும்போது அது போகாமல் அங்கேயே நின்று தாங்குகிறது. அது யார் குரல்? நீதானே பாடியிருக்கிறாய்!

ஆலிஸ் இன் செயின்ஸின் அடையாளமே இரட்டைக் குரல்தான். ஸ்டேலியின் கத்தி போன்ற குரலும் கான்ட்ரெல்லின் கனத்த குரலும் சேர்ந்தே நகரும். எது மெயின், எது ஹார்மனி என்று பல இடங்களில் பிரிக்கவே முடியாது. 1995 ஆல்பத்துக்கு வரும்போது கான்ட்ரெல்லே முன்னால் நின்று பாடிய பாட்டுகளும் சேர்ந்துவிட்டன. ஆகவே ஸ்டேலி போன பிறகும் அந்த ஓசையில் ஒரு பாதி உயிரோடு இருந்தது. டுவாலோடு போட்ட 2009 ஆல்பத்தில் அவர்கள் செய்தது இதுதான்: இருக்கும் பாதியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், கான்ட்ரெல் நிறையப் பாடினார், டுவால் அவர் பக்கத்தில் நின்றார். ஸ்டேலி நின்ற இடம் அப்படியே விடப்பட்டது. கேட்கும்போது அந்த இடைவெளி தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்; அந்த ஆல்பத்தின் நேர்மையே எனக்கு அதில்தான் இருக்கிறது.

நீ முன்னால் நின்று பாடு. உனக்குக் கூச்சம் என்று தெரியும். அண்ணனின் ஸ்கேலில் பாடிப் பார்த்து மூச்சு முட்டி, எனக்கு வராது என்று விட்டிருப்பாய். ஸ்கேலை இறக்கு. அவர் ஐந்து கட்டையில் பாடியதை நீ மூன்று கட்டையில் பாடினால் யாரும் கேஸ் போடப் போவதில்லை. கிடாரையே அரைக் கட்டை இறக்கிக் கட்டி வாசித்துப் பார்; ஆலிஸ் இன் செயின்ஸின் பெரும்பாலான பாட்டுகள் அப்படி இறக்கிக் கட்டியவைதான். கம்பி தளர்ந்ததும் ரிஃப்பின் குணமே மாறும், உன் குரலுக்கும் இடம் கிடைக்கும். பழைய பாட்டே புதிதாகக் கேட்க ஆரம்பிக்கும்.

புதுப் பாட்டுகளைப் பற்றி: அண்ணன் இருந்திருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று யோசிப்பதை விட்டுவிடு. அவர் இல்லாத இந்த நான்கு வருடத்தில் உங்கள் மூவருக்கும் என்ன நடந்தது? ஒருவனுக்குக் கல்யாணமாகியிருக்கிறது, ஒருவன் வேலையை விட்டிருக்கிறான், நீ அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறாய். இதிலெல்லாம் பாட்டு இருக்கிறது. அவர் போனதும் இருக்கிறது. அதை நேராகவே பாடலாம். கான்ட்ரெல் அப்படித்தான் செய்தார். அந்த 2009 ஆல்பமான ‘பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ’வின் கடைசியில் வரும் தலைப்புப் பாட்டு, ஸ்டேலிக்கு அவர் சொன்ன விடை. அதில் பியானோ வாசித்தவர் எல்டன் ஜான். இரைச்சலான கிடாருக்குப் பேர்போன குழுவுக்கு எல்டன் ஜான் எதற்கு என்று தோன்றும். ஸ்டேலி வாழ்க்கையில் பார்த்த முதல் கச்சேரி எல்டன் ஜானுடையது. கான்ட்ரெல் அவருக்கு எழுதி, பாட்டை அனுப்பிவைத்தார். அவரும் ஒத்துக்கொண்டு லாஸ் வேகஸில் வாசித்துக் கொடுத்தார். பாட்டு மூன்று நிமிடம்தான். பியானோ எங்கேயும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. தெரியாமல் கேட்டால் யார் வாசிக்கிறார்கள் என்றே யோசிக்க மாட்டாய். இறந்த நண்பன் தன் முதல் கச்சேரியில் கேட்ட கையையே அவனை வழியனுப்பவும் கூட்டி வந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அண்ணனுக்கு முதன்முதலில் கிடார் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த சர்ச் மாஸ்டர் இன்னும் இருக்கிறார் என்று ஒருமுறை சொன்னாய். போய்ப் பார்.

வேகம் பற்றியும் கேட்டிருந்தாய். மூன்று மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று டிரம்மர் அவசரப்படுகிறார் போலிருக்கிறது. எதில் அவசரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆலிஸ் இன் செயின்ஸ் 2006இலும் 2007இலும் டுவாலோடு ஊர் ஊராக வாசித்தார்கள். பிறகுதான், 2008 அக்டோபரில், கையில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் சொந்தக் காசைப் போட்டு, தயாரிப்பாளர் நிக் ரஸ்குலினெட்ஸோடு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். அடுத்த மார்ச்சில் வேலை முடிந்தது, செப்டம்பர் 29இல் ஆல்பம் வந்தது. வாசித்துச் சேர்வதற்கு வருடக்கணக்கு, பதிவு செய்ய சில மாதம். இதைத் தலைகீழாகச் செய்தால் கஷ்டம். கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘சைனீஸ் டெமாக்ரசி’ 2008இல் வருவதற்குள் ஸ்டுடியோக்களும் ஆட்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள், செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது என்று செய்தி வந்தது. மறுபக்கம் ப்ளர் குழு: 2013 மே மாதம் ஜப்பானில் நடக்கவிருந்த விழா ரத்தானதால் ஹாங்காங்கில் ஐந்து நாள் கையில் கிடைத்தது, ஒரு சின்ன ஸ்டுடியோவில் அடைந்து வாசித்துத் தள்ளினார்கள். அந்தப் பதிவுகள் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தன. பிறகு கிரஹாம் காக்ஸன் அதை எடுத்து, பழைய தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டோடு உட்கார்ந்து செதுக்கினார். 2015இல் ‘த மேஜிக் விப்’ வந்தது. நீங்களும் ஒரு ஐந்து நாள் வாடகைக்கு எடுத்து, மூவரும் ஒரே அறையில், கிளிக் டிராக் கூட இல்லாமல் வாசித்து எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். சில மாதம் கழித்து, உங்களில் யாருக்குப் பொறுமை அதிகமோ அவர் கேட்டுப் பொறுக்கி எடுக்கட்டும்.

கடைசியாக, நீ எழுதியிருந்த அந்த ஹார்டு டிஸ்க். அண்ணன் பாடி முடிக்காமல் விட்ட இரண்டு டெமோ அதில் இருக்கிறது, இன்றைய மென்பொருளை வைத்துக் குரலைத் துப்புரவாகப் பிரித்தெடுத்து ஆல்பத்தில் சேர்க்கலாம் என்கிறார் உங்கள் இன்ஜினியர். முடியும்தான். 2023இல் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ அப்படி வந்ததுதான்: ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பாடி வைத்திருந்த குரலை இரைச்சலிலிருந்து பிரித்து எடுத்தார்கள். ஆனால் அந்தக் கேசட்டை 1994இல் மற்றவர்களிடம் எடுத்துக் கொடுத்தது அவர் மனைவி யோகோ ஓனோ. அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரித்தெடுத்த அண்ணனின் குரலை அவர் பாடாத சொற்களைப் பாட வைப்பதென்றால் பேச்சுக்கே இடமில்லை, அந்த மென்பொருளைத் திறக்கவே வேண்டாம் என்று இன்ஜினியரிடம் சொல்லிவிடு. அவர் உண்மையில் பாடியதைச் சேர்ப்பதென்றால் அது உங்கள் மூவர் முடிவு மட்டும் அல்ல. டிஸ்கை எடுத்துக்கொண்டு அவர் அம்மாவைப் போய்ப் பார். ஃபோனில் கேட்காதே, வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதே. அவரோடு உட்கார்ந்து போட்டுக் காட்டு. வேண்டாம் என்றார் என்றால் ஒரு காப்பியை அவரிடமே கொடுத்துவிட்டு வா. சரி என்றார் என்றால், எந்த டேக் என்பதையும் அவரையே சொல்லச் சொல்.

ஐந்து நாள் பதிவுக்குத் தேதி குறித்ததும் எழுது. என்னிடம் இருக்கும் இரண்டு ரிப்பன் மைக்கையும் கொண்டு வருகிறேன். டிரம்ஸுக்கு மேலே தொங்கவிட அவை நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உன் மூத்த நண்பன்