பழைய காரின் மேனி

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ‘ஹெரால்டு’ என்னும் சிறு காரைச் செய்து விற்றது. அதன் உடற்பகுதிகள் தனிச் சட்டத்தின்மீது திருகாணிகளால் பூட்டப்பட்டவை. 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும், கழற்றிப் பூட்ட எளிதாதலின், ஓய்வுநேரத்தில் பழைய கார்களைப் புதுக்கும் ஆர்வலர்க்கு அஃது உகந்த வண்டியாக விளங்குகிறது.

அவர்தம் பெரும்பகை துருவே. கதவுக் கண்ணாடியின் இடுக்கில் இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள சிறு துளைகளின் வழியே வெளியேறும். துளைகளைச் சேறு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தங்கித் தகட்டை அரிக்கும். வெளியே வண்ணம் சற்றே கொப்புளித்திருக்கும். சுரண்டினாலோ விரல் நுழையும் ஓட்டை தோன்றும்! உப்புக்காற்று வீசும் சென்னையில் இக்கேடு விரைந்து பரவும்.

ஓட்டையைப் பட்டியால் அடைத்து வண்ணம் பூசிவிடலாம். விற்க விரும்புவோர் பலர் இதனையே செய்வர். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். வண்டியைப் பேணுபவரோ, நல்ல இரும்பு தெரியும்வரை தகட்டை வெட்டி எறிவார். அதே வளைவில் புதுத் தகடு செய்து பற்றவைத்தல் வேண்டும். 1964இல் தொழிற்பேட்டை அமைந்த அம்பத்தூரில், சென்னையின் மேற்கே, தகட்டு வேலை அறிந்த பட்டறைகள் உண்டு. டிங்கர் எனப்படும் கைவினைஞர் உட்புறம் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்து, வெளியே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவார். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு உப்பிவிடும். கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளத்தை அவரது உள்ளங்கை அறியும்.

பின்னர்ப் பட்டியை மெல்லிதாக இட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சும் வண்ணமும் பூசுவர். கதவின் அடித்துளைகளைப் பூச்சு அடைத்திருந்தால், கம்பியால் குத்தித் திறந்துவிடுவர்.