உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? பேட்டரி பற்றி ஒரு பாடம்



முட்டையை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உடைக்காமலேயே உள்ளே கெட்டிருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். செல்போன் பேட்டரி செய்யும் தொழிற்சாலைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் குறை தெரியும், ஆனால் அந்தப் பேட்டரி பிறகு உதவாது. ஆகவே உடைக்காமல் பார்க்கிறார்கள்.

எதைப் பார்க்கிறார்கள்?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள் இருக்கின்றன. எதிர்மின் பக்கம் தாமிரம், நேர்மின் பக்கம் அலுமினியம். இரண்டின் மீதும் ரசாயனப் பூச்சு உண்டு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று வைக்கப்படுகிறது. அது கிழிந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகி, சூடேறி, தீப்பிடிக்கும்.

பூச்சு பூசிய தாள் இயந்திரத்தில் ஓடும்போதே கேமராக்கள் அதைக் கவனிக்கின்றன. கீறல், ஊசித்துளை, பூச்சு விடுபட்ட இடம், ஒட்டியிருக்கும் உலோகத் துகள் ஆகியவற்றைக் கண்டால் அந்தப் பகுதி ஒதுக்கப்படும். பேட்டரியை மூடிய பிறகு கேமராவுக்கு உள்ளே தெரியாது. அப்போது எக்ஸ்ரே உதவுகிறது. தாள்கள் நேராக அடுக்கப்பட்டுள்ளனவா, மூலை மடங்கியுள்ளதா, எதிர்மின் தாள் நேர்மின் தாளைவிடச் சற்று வெளியே நீண்டிருக்கிறதா என்று அதில் பார்க்கிறார்கள்.

ஒரு மூலை வளைந்ததால் வந்த வினை

2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போனை வெளியிட்டது. சில போன்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வேறொரு நிறுவனத்தின் பேட்டரி பொருத்தி மாற்றுப் போன்கள் கொடுத்தார்கள். அவற்றிலும் சில எரிந்தன. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

2017 ஜனவரியில் காரணம் வெளியானது. முதல் பேட்டரியில் எதிர்மின் தாளின் மேல் மூலை வளைந்திருந்தது. இரண்டாவதில் குறை வேறு: வெல்டிங் செய்த இடத்தில் கூரான பிசிறுகள் இருந்தன, சிலவற்றில் காப்பு டேப்பே ஒட்டப்படவில்லை. முதல் குறை நீங்கிவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருளல்ல. அதன்பின் அந்நிறுவனம் அறிவித்த எட்டு அம்சப் பரிசோதனையில் கண்ணால் பார்ப்பதும் எக்ஸ்ரேயும் இடம்பெற்றன.

நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

நம்மிடம் எக்ஸ்ரே இல்லை. ஆனால் கண் இருக்கிறது.

1. போனின் பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ, பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள்.
2. வீங்கிய பேட்டரியை அமுக்கவோ, ஊசியால் குத்தவோ கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.
3. பேட்டரியோ பவர் பேங்கோ கீழே விழுந்து நசுங்கியிருந்தால், வேலை செய்தாலும் நம்பாதீர்கள்.
4. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.
5. பழுதான பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு பெறும் இடத்திலோ ஒப்படையுங்கள்.
6. தீப்பிடித்தால் பொருளைக் காப்பாற்ற நிற்காமல், வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி 101-ஐ அழையுங்கள்.

இன்று இரவு சார்ஜ் போடும் முன், வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். பழைய போனை வைத்து விளையாடும் சின்னப் பிள்ளைகளின் கையிலிருந்தே அதைத் தொடங்குவோம்.